எல்லாக் கவுண்டருக்கும் ஒரே எழுத்து

காலை ஒன்பதே கால், எட்டுக் கவுண்டர், இருபத்தாறு கணினி, முதல் போன் பாலக்கரைக் கவுண்டர் சலீம் பாய்: பார்சல் கம்பெனியில் கணினி பார்க்கிறவனின் நாள் இப்படித்தான் தொடங்கும். எங்கள் கவுண்டர்கள் எல்லாவற்றிலும் லினக்ஸ். தென்னூர் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து நான் ஒரு விதி எழுதினால், பிரவுசரிலிருந்து பிரிண்டர் வரை எல்லா ஊரிலும் அதன்படி மாறிவிடும். வசவும் அதே வேகத்தில் திரும்பி வரும். ஒரே ஆளாக ஊர் முழுக்கப் பதில் சொல்லும் தொழில் தோழர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டாம். போன ஆடியில் அப்படி ஒரு விதி ஒருவரின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது. அந்த மாதத்துக் கதைதான் இது.

லாரியும் பேரனும்

எல்லாத் திரையிலும் கம்பெனி லாரி படம்தான் இருக்க வேண்டும், யாரும் மாற்றக் கூடாது என்றார் முதலாளி. எழுதினேன். சலீம் பாய் திரையில் வைத்திருந்த பேரன் படம் காணாமல் போனது. போனை எடுத்ததும் சொன்னார்: “தம்பி, பேரனைத் தூக்கிட்டு லாரியை நிறுத்தியிருக்கீங்க. லாரி என்னைப் பாத்துச் சிரிக்குமா?”

மருங்காபுரி வழி

அடுத்த வாரம் புதிய புக்கிங் பக்கம். பிரவுசரைத் திறந்தால் அதுதான் வர வேண்டும், எழுத்தின் அளவும் எங்கும் ஒன்றுதான். யாருக்காவது விலக்கு வேண்டுமானால் முதலாளியிடம் நேரில் காரணம் சொல்ல வேண்டும். மருங்காபுரியில் நெட் நொண்டும். மதியம் வரை அங்கே எதுவும் மாறவில்லை. கவுண்டர் செல்வி கூப்பிட்டாள்: “அண்ணே, உங்க உத்தரவு வர்ற வழியில இன்னும் மணப்பாறையே தாண்டலை போலிருக்கு. டீ குடிக்க இறங்கிடுச்சா?”

ஸ்ரீரங்கத்து போன்

அன்று சாயங்காலம் ஸ்ரீரங்கம் கவுண்டர் வைதேகி அம்மாள் கூப்பிட்டார். கணவர் இல்லை, அந்தச் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. கண்ணில் புரை. இத்தனை நாளும் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு சமாளித்திருக்கிறார். என் விதி அதைப் பூட்டிவிட்டது. திரை தெரியாதவர்களுக்குக் கவுண்டரில் இடமில்லை என்று போன கூட்டத்தில்தான் முதலாளி சொல்லியிருந்தார். விலக்குக் கேட்டால் காரணம் சொல்லியாக வேண்டும்; காரணம் சொன்னால் வேலை போகும். மெதுவாகப் பேசினார்: “சர்க்கரை எறங்கினாத்தான் ஆபரேஷன்னுட்டார் டாக்டர். மூணு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் எழுத்தைச் செத்த பெரிசாக்கித் தருவேளா? முதலாளி காதுக்குப் போகப்டாது.”

எறும்பு

ஒரு கணினிக்கு மட்டும் மாற்றினால் விலக்கு. எல்லாவற்றுக்கும் மாற்றினால் அது விதி. விதியை மாற்ற, கவுண்டர்கள் கேட்க வேண்டும். பாலக்கரைக்குப் போன் போட்டேன். எழுத்து சின்னதாகத் தெரிகிறதா என்று மட்டும் கேட்டேன். சலீம் பாய் கவுண்டரில் உட்கார்ந்தபடியே தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டைப் படித்துச் சொல்கிறவர். “யாருக்குன்னு நான் கேக்கலை தம்பி. எழுத்து எறும்பா ஊருது, சலீமுக்குக் கண்ணு தெரியலைன்னு எழுதிக்குங்க.”

மருங்காபுரியிலும் கேட்டேன். செல்விக்கு இருபத்துநாலு வயது. “எனக்கும் தெரியலைண்ணே. கல்யாணம் ஆகாத பொண்ணு, அதை மட்டும் வெளியே சொல்லிடாதீங்க.”

தென்னூரில்

கவுண்டர்களில் எழுத்து தெரியவில்லையாம் என்று முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை. என்னை எதிரே உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொரு கவுண்டராகப் போன் போட்டார். எட்டுக் கவுண்டரும் தெரியவில்லை என்றன. நான் பேசாத கவுண்டர்களும்தான். யார் யாரிடம் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “ஒரே வாரத்துல மொத்தமா கண்ணு கெட்ட கம்பெனி நம்மளுதுதான்யா. போ, பெரிசாப் போட்டுத் தொலை.”

தென்னூரிலிருந்து ஒரு விதியை எல்லா ஊருக்கும் அனுப்ப எனக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் அந்த ஒரு விதியை எனக்கு வாங்கித் தந்தவர்கள் ஊர் ஊராக உட்கார்ந்திருந்த அந்தக் கண் நன்றாகத் தெரிகிற பொய்யர்கள்தான்.

ஐப்பசியில் வைதேகி அம்மாளுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கார்த்திகை முதல் திங்கட்கிழமை கவுண்டருக்குத் திரும்பினார்.