அஸர் தொழுகையில் அசைந்த கோடு

அடுப்போரம் நின்றபோது வலது கை தோசைக்கல்லில் பட்டது எனக்குத் தெரியவில்லை. தீய்ந்த வாடை வந்ததும் பக்கத்து வீட்டில் எதையோ கருக்கிவிட்டார்கள் என்றே நினைத்தேன். என் கணவர் ஓடிவந்து இழுத்த பிறகுதான் பார்த்தேன், கருகியது என் கை.

சகோதரிகளே, போன மழைக்காலத்தில் எனக்குப் பக்கவாதம் வந்தது. செங்கல்பட்டில் வீட்டோடு பிளவுஸ் தைப்பவள் நான். நடை திரும்பியது, பேச்சும் திரும்பியது. கை மட்டும் யாரோ விட்டுவிட்டுப் போன சாமான் மாதிரி தொங்கியது. இடது கையால் சாப்பிட மனசு ஒப்பவில்லை, அப்படி வளர்ந்தவள். மகாபலிபுரத்தில் கடை வைத்திருக்கும் கணவர் வந்து வந்து ஊட்டினார். அந்தப் பாசத்தில் வேலையில்லாமல் கை இன்னும் சூம்பியது.

கையை வேலைக்குப் பழக்கும் தெரபிஸ்ட் பெண் வந்து பார்த்துத் திட்டினாள்.

"இன்னாக்கா, இன்னும் அவருதான் ஊட்டிகினு கீறாரா? இப்டியே வுட்டா வெரலு சுருட்டிக்கும். அப்பறம் நீட்ட முடியாது."

முன்கையில் ஒட்டும் பட்டைகள் கொடுத்தாள். தசை துளி முயன்றாலும் போனில் கோடு எழும்பும், சத்தம் வரும். விரலை மடக்கு, மடக்கு என்று தினமும் முயன்றேன். கோடு படுத்தே கிடந்தது. விரல்கள் உள்ளே வளையத் தொடங்கின. அவள் சொன்னது பலித்துவிடுமோ என்று பயந்தேன்.

ஒருநாள் தொழுகைக்காகக் கை, முகம், கால் கழுவி, அந்த ஒளுவோடுதான் பயிற்சி செய்தேன். பட்டையைக் கழற்ற மறந்து, நாற்காலியிலேயே பிற்பகல் அஸர் தொழுதேன். தொழுது முடித்து, அல்லாஹ்விடம் கையேந்திக் கேட்கும் துஆவுக்கு இடது கை எழுந்தது. வலது கையையும் மனசால் சேர்த்துத் தூக்கினேன்.

"யா அல்லாஹ், இதை வெறுங்கையா அனுப்பிடாதே" என்று அழுதேன். போன் சத்தம் போட்டது.

"இன்னா சத்தம் அது?" என்று கணவர் எட்டிப் பார்த்தார். போனில் கோடு எழும்பியிருந்தது.

சந்தோஷம் வரவில்லை, மெஷின் கோளாறோ என்றுதான் தோன்றியது. மடக்கிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. துஆவுக்கு ஏந்துவதுபோல் நினைத்தேன், மறுபடி சத்தம்.

"அப்போ அதையே பண்ணுக்கா, அங்கேர்ந்து புடிச்சுக்கலாம்" என்றாள், நான் சொன்னதைக் கேட்ட தெரபிஸ்ட் பெண். ஏந்துவதில் தொடங்கி, பல மாதம் கழித்து மூன்று விரலால் சோறு அள்ளினேன். பாதி சிந்தியது. கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

பக்கவாதம் திரும்பவும் தாக்கலாம் என்கிறார்கள் டாக்டர்கள். எனக்குப் பயம் போகவில்லை. ஆனாலும் அல்லாஹ் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும், அல்ஹம்துலில்லாஹ். உங்களில் யாருக்காவது கை விழுந்திருந்தால் பயிற்சியை விடாதீர்கள். துஆ கேட்கும்போது அந்தக் கையையும் சேர்த்தே தூக்குங்கள்.