அரை ஆக்சிஜனைப் பொறுக்காத வீடு

சமன்பாட்டின் வலப்பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, இடப்பக்கத்தை மட்டும் விசாரிக்கிறாள் என் மருமகள். "யார் யாரெல்லாம் வந்திருக்கீங்க? கார்பன் மோனாக்சைடா? நீ ஏற்கெனவே ஜோடி சேந்தவ, கிளம்பு!"

பள்ளியில் வேதியியல் ஆசிரியை. தனிமங்கள் கூடி ஒரு சேர்மம் உருவாகும்போது ஏற்படும் வெப்ப மாற்றத்துக்கு, அதாவது திட்ட உருவாதல் என்தால்பிக்கு, உரிய வினை எது என்று மோப்பம் பிடிப்பதில் போலீஸ் நாய் அவளிடம் பிச்சை வாங்க வேண்டும். இடப்பக்கம் தனிமங்கள் மட்டும், அவையும் இயல்பான நிலையில். கார்பன் என்றால் கிராஃபைட். "வைரமா வந்து நின்னா மயங்கிடுவேனா?" வலப்பக்கம் ஒரே சேர்மம், அதுவும் மோல் என்கிற அளவில் ஒன்றே ஒன்று. டீயைக்கூடக் கண்மட்டத்துக்கு உயர்த்தி அளவு பார்த்துத்தான் குடிப்பாள். "என்னையும் தனிமமான்னு சோதிச்சுட்டுத்தான் கட்டிக்கிட்டா" என்பான் என் மகன்.

அவளுடைய வினாத்தாள்களில் எழுத்துப்பிழை பார்க்கும் மேதாவி நான். போன மாதம், 'இவற்றில் உருவாதல் வினை எது?' என்ற கேள்வியின் சரியான விடையில், ஒரு ஹைட்ரஜனோடு அரை ஆக்சிஜன் சேர்ந்து ஒரு தண்ணீர் ஆகியிருந்தது. அரையா? விருந்தாளிக்கு அரை டம்ளர் தண்ணீர் கொடுத்த மாதிரி எனக்குக் கூசியது. அரையை ரப்பரால் அழித்து, இருபுறமும் இரண்டால் பெருக்கி முழுசாக்கினேன். என் கணக்கறிவை மெச்சி இரண்டு பிஸ்கட்டும் தின்றேன்.

என்மேல் இருந்த நம்பிக்கையில் அவள் மறுபடி பார்க்காமல் அச்சுக்கு அனுப்பிவிட்டாள். தண்ணீர் இரண்டு மோல் ஆகிவிட்டதால் நான்கு விடைகளில் ஒன்றும் தேறவில்லை. தேர்வறை முழுக்கக் கைகள் உயர்ந்தன. துறைத் தலைவர் பதவிக்கு அவள் பெயர் பரிசீலனையில் இருந்த வாரம் அது.

"யார் பார்த்த வேலை இது?" என்று கேட்டாராம் தலைமையாசிரியை.

"நான்தான் சரி பாக்காம அனுப்பிட்டேன், மேடம்."

பதவி பக்கத்து மேசைக்காரருக்குப் போனது. எனக்குச் சோறு இறங்கவில்லை. மோர் மட்டும் இறங்கியது.

"என் பேரைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்லம்மா?"

"சொன்னா யார் நம்புவாங்க அத்தை? அவ்வளவு சுத்தமா பெருக்கியிருந்தீங்க."

இனி எழுத்துப்பிழை பார்க்க வேறு ஆள் தேடுவாள் என்றிருந்தேன். நேற்று அடுத்த வினாத்தாளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பென்சிலைச் சீவிக் கையில் கொடுத்தாள். பிறகு மேசைமேல் கிடந்த ரப்பரை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.