பேசாத பிள்ளைகளைப் பற்றி நான் பேசிய கதை

வாத்தியார் வேலைக்குப் படிக்கிறவர்கள், பிள்ளைகள் முன்னால் நிற்பதற்கு முன்பு கூடப் படிக்கிறவர்கள் முன்னால் நின்றாக வேண்டும். அதற்கு செமினார் என்று பெயர். பி.எட். முடித்த புண்ணியவான்களே, அந்தப் பாடு உங்களுக்குத் தெரியாததா!

முதல் ஒத்திகை

எனக்கு வந்த தலைப்பு ‘வகுப்பில் பேசாத குழந்தைகள்’. இருபத்திரண்டு ஸ்லைடு தயார் செய்தேன். குருவிநத்தத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் லேப்டாப்பை வைத்து, அப்பாவை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தேன். கரும்புக்கு மருந்தடித்துவிட்டு வந்த களைப்பிலும் மனிதர் அசையாமல் கேட்டார். ‘உளவியல் காரணிகள்’, ‘சமூகப் பின்புலம்’ என்று ஒன்றையும் விடாமல் படித்து முடித்தேன். எப்படி என்று கேட்டதற்கு யோசித்துச் சொன்னார்:

“நல்லாத்தான் இருக்குது பாப்பா. இன்னா சொன்னன்னுதான் புரியல.”

கரண்ட் போனது

மறுநாள் கல்லூரியில் மூன்றாவது ஸ்லைடில் கரண்ட் போய்விட்டது. பஸ் பிடிக்கும் அவசரத்தில் லேப்டாப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு, பென்டிரைவை மட்டும் கொண்டுபோயிருந்தேன். திரை இருண்டதும் ஒரு வார்த்தைகூட ஞாபகமில்லை. நாற்பது பேர் என்னையே பார்க்கிறார்கள். கடைசி பெஞ்சில் மார்க் போட வந்த மேடம் பேனாவைத் திறந்து வைத்திருக்கிறார்.

முதல் வரிசையில் என் தோழி ஜோஸ்பின், காட்டேரிக்குப்பத்துக்காரி. குரலைத் தாழ்த்தத் தெரியாதவள்.

“ஏண்டி, கரண்ட்டு ப்ரொஜெக்டருக்குத்தானே போச்சு, உனக்கு இன்னா ஆச்சு?”

ஸ்லைடில் இல்லாதது

வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பழகிய சிரிப்பு. வேறு வழி தெரியாமல் அதைப் பற்றியே சொல்ல ஆரம்பித்தேன்.

ஆறாம் வகுப்புக்கு என்னை டவுனில், மூலக்குளம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தார்கள். முதல் வாரமே மிஸ் கணக்கு நோட்டைக் கேட்டார். “வூட்ல வெச்சிட்டு வந்துட்டேன் மிஸ்” என்றேன். ‘வீடு’ என்று சொல்லாமல் ‘வூடு’ என்றதற்கு வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். அன்றைக்கு வாயை மூடியவள்தான், இரண்டு வருஷம் திறக்கவில்லை. பதில் தெரிந்தாலும் எழுந்து சும்மா நிற்பேன். ‘மந்தமான பிள்ளை’ என்று ரிப்போர்ட் கார்டில் எழுதினார்கள். அப்பாவும் கையெழுத்துப் போட்டார்.

சொல்லி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. ஜோஸ்பின் கர்ச்சீப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். மேடம் கேட்டார், “இது எத்தனாவது ஸ்லைடுல இருந்துச்சு?” எதிலும் இல்லை என்றேன்.

“அதான் தூக்கம் வரல.”

என் முதல் பேசாத பிள்ளை

பிறகு பயிற்சிக்காக பாகூர் பக்கம் ஒரு அரசுப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆறாம் வகுப்பில் கனிமொழி என்று ஒருத்தி. வாயே திறக்க மாட்டாள். எனக்கோ உற்சாகம் தாங்கவில்லை. இந்தப் பிள்ளையைப் பேச வைக்காமல் விடுவதில்லை என்று கிளம்பினேன். பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். சாப்பாட்டு நேரத்தில் பேசினேன். என் பள்ளிக்கூடக் கதையை இரண்டு தடவை சொன்னேன். “வூடுன்னே சொல்லு, வெட்கப்படாதே” என்று தைரியம் கொடுத்தேன். மூன்று வாரம் ஓடிவிட்டது.

ஒருநாள் தாவரப் பாடத்தில் வேரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு, வழக்கம்போல அவளிடம் போய் நின்றேன். “தெரியுமா? தெரிஞ்சா சொல்லு. தப்பா இருந்தாலும் பரவாயில்ல. யாரும் சிரிக்க மாட்டாங்க. மெதுவா சொல்லு...” என்று அடுக்கிக்கொண்டே போனேன். கனிமொழி நிமிர்ந்து பார்த்தாள். மூன்று வாரத்தில் முதன்முறையாக அவள் குரலைக் கேட்டேன்:

“மிஸ், நீங்க கொஞ்சம் நிறுத்துனீங்கன்னா நான் சொல்லிடுவேன்.”

நாற்பது நாள் பாடம் நடத்தப் போய், வாயை மூடக் கற்றுக்கொண்டு திரும்பியவளுக்கு ஆசிரியை என்று சான்றிதழும் கொடுத்துவிட்டார்கள்.