கபடிக்கு ஆள் எடுக்க வந்தவர்

தொழில்முறைக் கபடி அணிக்கு ஆள் எடுக்க எங்கள் கல்லூரி மைதானத்துக்கு வந்த அந்த மனிதரை எனக்கு இன்றுவரை பிடிக்காது. சாயம் பூசிய மீசை, மண் படாத வெள்ளை ஷூ. கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே இருப்பார். யார் முகத்தையும் பார்க்க மாட்டார்.

என் தம்பி தடுப்பாட்டக்காரன். பாடி வந்தவர்களையெல்லாம் இடுப்போடு தூக்கி, அலுங்காமல் தரையில் கிடத்தினான்.

"பிடி நல்ல பிடி. ஆனா பிள்ளையத் தொட்டில்ல போடுற மாதிரில்ல போடுறான். தேற மாட்டான்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "லீவுல நாரணாபுரத்துல பட்டாசு லோடு ஏத்துறவன் சார். பெட்டிய டொம்முன்னு போட்டா அம்புட்டுப் பேரும் போயிருவோம். அந்தப் பழக்கம்."

"இங்கன என்ன வெடிக்கப் போகுது? தூக்கி அடிச்சாத்தான் டிவியில பாப்பான்."

தம்பி குனிந்து முழங்கால் மண்ணைத் தட்டினான்.

கிளம்பும்போது, யாரோ அவருக்குக் கொடுத்திருந்த பட்டாசுப் பெட்டியை டிரைவர் காருக்குள் வீசப் போனார். "ஏலே, மெதுவா!" என்று பதறியவர், சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி அலுங்காமல் வைத்தார். நிமிர்ந்தபோதுதான் முதல்முறையாகத் தம்பியின் முகத்தைப் பார்த்தார். அப்படியும் அவனை எடுக்காமலே ஏறிப் போய்விட்டார்.

அவருக்குப் புரியாமல் இருந்திருந்தால், என் ஆத்திரம் எப்போதோ ஆறியிருக்கும்.