சிமோனாவின் கண்ணில் பச்சைப் பட்டை

ஓடிலோனுக்கு முடிவெட்டத் தெரியும், படம் சேர்க்கத் தெரியும், புறா மட்டும் தெரியாது என்று பெல்ஜியத்துத் தெண்டர் ஆற்றங்கரை முழுக்கப் பேச்சு. புறா தெரியாதவரை மனிதராகவே மதிக்காத ஊர் அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த ஊரில் எப்போது பந்தயப் புறாக்களைத் திறந்துவிட்டார்கள் என்று வானொலியில் சொல்வார்கள். அந்த நேரம் நெருங்கினால் பாதிரியார்கூடப் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்வார். அவருக்கும் புறா உண்டு.

படம் சேர்ப்பது என்பது வேறு வித்தை. தொண்ணூறுகளின் நடுவில் இணையத்தில் புறாக்காரர்களுக்கென்று ஒரு செய்திக்குழு இருந்தது. அதில் எழுத்துதான் போகும், படம் போகாது. அதனால் படத்தை ஒரு மென்பொருளில் போட்டு எழுத்தாக அரைத்து, இரண்டு மூன்று துண்டாக்கி அனுப்புவார்கள். பார்ப்பதற்கு, விசைப்பலகைமேல் பூனை நடந்ததுபோல இருக்கும். வாங்குகிறவர் ஒவ்வொரு துண்டின் தலையிலும் வாலிலும் ஒட்டியிருக்கும் முகவரி, கையொப்பம், வணக்கம், வாழ்த்து எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, துண்டுகளை வரிசையாக ஒட்டி, மறுபடி படமாக்க வேண்டும். ஒரு வரி கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டது.

கெடுப்பதற்கென்றே அந்தக் குழுவில் ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் "படம் திறக்கவில்லை" என்று எழுதுவார். உடனே ஹாலந்தில் சுட்ஃபன் என்ற ஊர்க்காரர் ஒருவர், படத்தின் அத்தனை வரிகளையும் திரும்ப அனுப்புவார், ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் ஒரு அம்புக்குறியோடு. கடைசியில் அவர் பங்குக்கு ஒரே ஒரு சொல் இருக்கும்: "எனக்கும்." இன்னொரு புண்ணியவான் அந்த அம்புக்குறி மூட்டையையே படமாக்கப் பார்த்துத் தோற்றுப்போய், தன் கணினி செத்துவிட்டது என்று அழுவார்.

இவர்களுக்கெல்லாம் வைத்தியர் ஓடிலோன். கடையில் ஆள் இல்லாதபோது திரைக்குப் பின்னால் இருக்கும் கணினியில் உட்கார்ந்து, பொறுமையாக எழுதுவார். "இரண்டாம் துண்டை முதலில் ஒட்டியிருக்கிறீர்கள்." "உங்கள் மனைவியின் பிறந்தநாள் வாழ்த்து நடுவில் சிக்கியிருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள்." உலகத்தில் எங்கோ ஒரு படம் தப்பாகத் திறந்து கிடக்கிறது என்று தெரிந்தால் மனிதருக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவர்தான் பிற்பாடு செய்யக்கூடாததைச் செய்தார். அதற்குக் காரணம் சிமோனா.

ஓடிலோன் வீட்டு மாடியில் இருந்த புறாக்கூடு அவர் மச்சினன் ரெமியுடையது. இடம் மட்டும்தான் ஓடிலோனுடையது. அங்கிருந்த பறவைகளில் ஒன்றே ஒன்று அவருக்குச் சொந்தம், அதுதான் சாம்பல் நிறச் சிமோனா. பந்தயத்துக்கு விட்டால் மற்றவை அம்பாக வந்து சேரும். சிமோனா வழியில் ஏதாவது ஒரு வறுவல் கடையைப் பார்த்து இறங்கிவிடுவாள். உருளைக்கிழங்கு வறுவல் தின்று, இடுப்புப் பெருத்து, எல்லோரும் மறந்தபிறகு ஒரு நாள் வருவாள். சில சமயம் தெருமுனையிலிருந்து நடந்தே வருவாள். ஓடிலோனுக்கு அவள்மேல் உயிர். எங்கே வேண்டுமானாலும் தங்கியிருக்கலாம், அவளுக்கு என்ன குறை? ஆனாலும் வந்தாளே, அதுதான்.

ரெமிக்கு இந்த உருக்கமெல்லாம் கிடையாது. புறாவின் தலையெழுத்து அதன் கண்ணில் இருக்கிறது, கருமணியைச் சுற்றியுள்ள வளையத்தைப் பார்த்தால் பரம்பரையே தெரியும் என்பது அவன் கட்சி. சட்டைப்பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். கண் தேறாத புறா பட்டாணியோடு வேகும்.

"சிமோனா கண்ணைப் பாத்தேன்," என்றான் ஒரு நாள், கடை நாற்காலியில் உட்கார்ந்தபடி. "கழுவி வச்ச தட்டு மாதிரி இருக்கு. ஒண்ணுமே இல்ல. ஞாயித்துக்கிழமைக்கு அக்காவைப் பட்டாணி ஊறப்போடச் சொல்லு."

"வீட்டுக்கு வந்துட்டுதான இருக்கா, ரெமி?"

"வர்றா. மத்ததெல்லாம் அடுத்த பந்தயத்துக்குக் கிளம்பறப்ப இவ வர்றா. கூண்டுல இடத்த அடைச்சுக்கிட்டு, ஊர்ல என் மானத்த வாங்கறா."

ஓடிலோனின் கத்தரிக்கோல் தடம் மாறியது. ரெமியின் காது தப்பியது அதிர்ஷ்டம். "அந்த ஜெர்மன்காரரக் கேப்போம். வீச்சோரெக். அவர் சொன்னா நீ கேப்பதானே?"

வீச்சோரெக் டோர்ட்முண்டில் நிலக்கரிச் சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் பாதி பூமிக்கடியிலும் மீதி புறாக்களின் கண்ணுக்குள்ளும் கழித்தவர். செய்திக்குழுவில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

"கேளு," என்றான் ரெமி. "அவர் இல்லன்னுட்டா, பட்டாணி."

ஓடிலோனின் மனைவி ஹோடலீவ சிமோனாவைப் பிடித்துக்கொள்ள, ரெமி பூதக்கண்ணாடியைக் காட்ட, ஓடிலோன் படம் எடுத்தார். அதைக் கணினிக்குள் ஏற்றி, எழுத்தாக அரைத்து, இரண்டே துண்டாக அனுப்பினார். "திறக்கவில்லை," என்று வீச்சோரெக்கிடமிருந்து பதில் வந்தது. சுட்ஃபன்காரர் மொத்தத்தையும் அம்புக்குறியோடு திருப்பி அனுப்பி, "எனக்கும்," என்றார். ஓடிலோன் ஜெர்மன்காரருக்குப் படிப்படியாக எழுதினார்: தலையை வெட்டுங்கள், வாலை வெட்டுங்கள், ஒட்டுங்கள்.

சனிக்கிழமை தீர்ப்பு வந்தது. ரெமியின் முகத்தில் சவர நுரை பாதி இருக்கும்போதே ஓடிலோன் படித்துக் காட்டினார். "ஐயா, கண்மணிக்குக் கீழே பச்சைப் பட்டை, அதற்கும் கீழே ஊதா. நான் பார்த்ததில்லை, என் அப்பா பார்த்ததில்லை. இந்தப் பறவையைப் பந்தயத்துக்கு அனுப்புவது பாவம். இவள் வம்சத்துக்குத் தாய்." கூடவே தான் சேர்த்த படத்தையும் அனுப்பியிருந்தார்.

படத்தைத் திறந்ததும் ஓடிலோனுக்குப் புரிந்துவிட்டது. மேல்பாதி சிமோனாவின் கண். கீழ்பாதி பச்சையும் ஊதாவுமாகக் கோணிக்கொண்டு நின்றது. இரண்டாம் துண்டின் தலையை வெட்டும்போது கிழவர் படத்தின் வரி ஒன்றையும் சேர்த்து வெட்டியிருக்கிறார். கத்தரி ஒரு தடவை அதிகமாக விழுந்தால் முடிவெட்டுகிறவருக்குத் தெரியாதா?

ரெமி நுரையோடு மாடிக்கு ஓடினான். வெகுநேரம் கழித்து, நுரை காய்ந்த முகத்தோடு இறங்கி வந்தான். "இருக்குய்யா. பச்சை இருக்கு. நான்தான் இத்தன நாளா வெளிச்சத்துல பாக்காம விட்டிருக்கேன்."

அவன் போனதும் ஓடிலோனின் விரல்கள் பழக்கதோஷத்தில் எழுதத் தொடங்கின: "ஐயா, தாங்கள் ஒரு வரி அதிகமாக வெட்டிவிட்டீர்கள்..."

ஹோடலீவ பின்னால் வந்து நின்றாள். "என்ன எழுதற?"

"தப்பத் திருத்தறேன்."

"திருத்தி என்ன பண்ணப்போற? நான் பட்டாணி ஊறப்போடணுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லு."

எழுதியதை அழித்தார்.

கதை அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் சுட்ஃபன்காரர், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, ஒரு படத்தைச் சரியாகச் சேர்த்துவிட்டார். பழுப்பு நிறத்தில், வெறும் தட்டாக, சிமோனாவின் உண்மையான கண்ணைப் பெருமையோடு குழுவில் போட்டார். குழு இரண்டுபட்டது. பச்சைக் கட்சியும் பழுப்புக் கட்சியும் ஒருவர் அம்மாவை ஒருவர் இழுத்தார்கள். கடைசியில் எல்லோரும் ஒரே ஆளைக் கேட்டார்கள்: ஓடிலோன், எது சரி?

ஓடிலோன் எழுதினார்: "பச்சைதான் சரி. சுட்ஃபன் நண்பருக்கு வழக்கம்போல எங்கோ தவறியிருக்கிறது."

சுட்ஃபன்காரர் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சரியாகச் செய்தவரிடமிருந்து அதையும் பிடுங்கிக்கொண்டோமே என்று ஓடிலோனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் மேலே சிமோனா குனுகும் சத்தம் கேட்டது, வெட்கம் கொஞ்சம் குறைந்தது.

பிறகுதான் வந்தது வினை. பெல்ஜியம், ஹாலந்து, ஜெர்மனி எங்கும் புறாக்காரர்கள் தங்கள் பறவைகளின் கண்ணைப் படம் எடுத்து அனுப்பினார்கள். "என் புறாவுக்குப் பச்சைப் பட்டை இல்லையே. படம் தப்பாகச் சேர்ந்திருக்கிறதா? சரி என்றால் சொல்லிவிடுங்கள், நாளை கழுத்தைத் திருகிவிடுகிறேன்." ஓடிலோன் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். எல்லாமே அப்பழுக்கில்லாமல் சேர்ந்திருந்தன. தான் சொன்ன ஒரு பொய்யால் மூன்று நாட்டில் பட்டாணி ஊறிக்கொண்டிருந்தது.

ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினார். "படம் கெட்டிருக்கிறது. இரண்டாம் துண்டின் முதல் வரியை எடுத்துவிட்டுச் சேர்த்துப் பாருங்கள்." சேர்த்துப் பார்த்தார்கள். "வந்துவிட்டது, ஐயா. கோடி நன்றி." சிலருக்குச் சிவப்பு வந்தது. அது இன்னும் உயர்ந்தது என்று எழுதினார்.

இப்படியே வருடங்கள் ஓடின. பந்தயத்தில் அந்தப் பக்கத்துப் புறாக்கள் மெதுவாகிக்கொண்டே போனதாகப் பேச்சு. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. வானிலைமேல் பழியைப் போட்டார்கள்.

ஒரு நாள் முன்பின் தெரியாத ஒருவர் கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மெலிந்த, கூச்ச சுபாவமுள்ள மனிதர். பேச்சில் ஹாலந்து வாடை. துணியைக் கழுத்தில் கட்டும்போது கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நான் சுட்ஃபன்லேர்ந்து வர்றேன். அன்னிக்கு அந்தப் படத்த நான் சரியாத்தானே சேத்தேன்?"

ஓடிலோன் துணியின் முடிச்சைப் போட்டு முடித்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா. நீங்க ஒருத்தர்தான் சரியா சேத்தீங்க. என்ன மன்னிச்சிருங்க."

"அதுக்கு இல்லீங்க. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. பறக்கறதுக்கே சோம்பல். என் மாமனாருக்கு அத சூப்பு வைக்கணும்னு ஆசை." அவர் கொஞ்சம் தயங்கினார். "குழுவுல எல்லாருக்கும் நீங்க ஒரு வரிதான் எடுக்கச் சொன்னீங்க. நான் பயத்துல நாலு எடுத்தேன். முழுக்கத் தங்கக் கலர்ல வந்துச்சு. மாமனார் முழங்கால் போட்டுட்டார்."

அப்போது வாசல் வழியாகச் சிமோனா நடந்து உள்ளே வந்தாள், கொழுகொழுவென்று, வறுவல் எண்ணெய் வாசனையோடு. விருந்தாளி குனிந்து அவள் கண்ணை உற்றுப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லையே."

"இல்லதான்," என்றார் ஓடிலோன். "ஆனா இவ ஒரு நாள் வரலேன்னா எனக்கு வீடு வீடாவே இருக்காது."

சுட்ஃபன்காரர் தலையை நிமிர்த்தி, வெட்டுவதற்கு வாகாக உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கும்," என்றார்.