மெல்போர்ன் பூங்காவில் ஒரு பறவை

மகளின் பிரசவத்துக்காக நானும் என் மனைவியும் ஓடைப்பட்டியிலிருந்து மெல்போர்னுக்குப் போயிருந்தோம். திராட்சைத் தோட்டத்தைத் தம்பி பார்த்துக்கொண்டான். பத்திய மருந்துக்காக மனைவி கட்டி எடுத்துவந்த பொட்டலங்களில் பாதியை விமான நிலையத்திலேயே எடுத்துக்கொண்டார்கள்.

குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. ஆண் பிள்ளை. ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றி என் கையிலும் கொடுத்தார்கள். மகள் வாங்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் படுத்தே கிடந்தாள். பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வேறு. மல்லிகைப்பூ வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று மனைவி தவித்தாள். அந்த ஊரில் மல்லிகைக்கு எங்கே போவது? நர்ஸ் சொன்னபடி முட்டைக்கோஸ் இலையை வைத்துக் கட்டினாள். மருமகன் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். எனக்குத்தான் செய்ய ஒன்றுமில்லை. பக்கத்திலிருந்த பூங்காவில் போய் நடப்பேன்.

அப்படி ஒரு காலையில், தைலமரக் கிளையில் ஒடிந்த கொம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். பட்டையின் அதே சாம்பல் நிறம். நான் நெருங்கியதும் அந்தக் கொம்பு கண்ணை லேசாகத் திறந்து என்னைப் பார்த்தது. திடுக்கிட்டு நின்றுவிட்டேன். பறவை! அகலமான வாய், ஆந்தை போன்ற தலை. எங்கள் மலைப்பக்கம் இப்படியொன்றை நான் கண்டதே இல்லை.

மத்தியானம் மனைவியிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது.

"எங்கனப்பா இருக்கு?"

மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள். "கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்றாள் மெதுவாக.

மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, பறவையின் நெஞ்சுக்கடியில் வெள்ளையாகப் பஞ்சு போல ஏதோ அசைந்தது. குஞ்சு. காலையில் நான் அதைக் கவனிக்கவில்லை. மகளின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வா ஆத்தா, போயிருவோம்."

அவள் நகரவில்லை. நாயோடு வந்த வயதான அம்மா ஒருவர் அவளிடம் ஏதோ சொன்னார். இவளும் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். பேச்சு நடுவில் அந்த அம்மாவின் முகம் மாறியது; இவள் கையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"தவளைவாயன்னு பேராம்ப்பா. பகல்ல தகப்பன்தான் குஞ்சை அணைச்சு உக்காந்திருக்குமாம்."

மேலே பார்த்தபடியே கேட்டாள். "உங்க கையில குடுத்தாகளே, எப்படிப்பா இருந்தான்?"

"உன் நெத்திதான். முடி நெறைய. நல்ல கனம்."

"நான் வாங்கலயேப்பா" என்றவள் உடைந்து அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் அழவில்லை. வழியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூங்கா பெஞ்சில் அவளை உட்காரவைத்து, அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். விரல்கள் எப்படி, காது யாரைப் போல என்று எல்லாவற்றையும் கேட்டாள்.

அதன்பின் தினமும் போனோம். குஞ்சு சிறகு விரிப்பதற்குள் தோட்டத்தில் கொடி வெட்டிவிடும் கவாத்து வேலை வந்துவிட, நான் மட்டும் ஊர் திரும்பினேன். மனைவி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். மகள் இப்போது பாதி நாள் வேலைக்குப் போகிறாள். போனில், நான் கையில் வாங்கிய அந்தப் பிள்ளைக்கு ஒரு பேர் வைத்திருப்பதாகச் சொன்னாள்.