எலுமிச்சம்பழத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ்

அறுபதுகளில் எனக்குக் கார் கடன் ஏற்பாடு செய்துகொடுத்த ஏஜெண்ட், எதைக் கேட்டாலும் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "ஒண்ணும் பிரச்சினை இல்ல லா" என்று ஊர் வழக்கப்படி ஒரு 'லா' சேர்த்துச் சொல்வார். சிங்கப்பூர் வெயிலிலும் வேர்க்காத நெற்றி அது.

சிராங்கூன் சாலைக் கோயில் வாசலில் புது வண்டிக்குப் பூஜை. மாலை போட்டாயிற்று. நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சாவி மட்டும் அவர் சட்டைப் பையில் இருந்தது. கை நீட்டினேன். அவர் நெற்றியைத் துடைத்தார்.

"இன்சூரன்ஸ் எங்க கம்பெனி மூலமாத்தான் எடுக்கணும், அண்ணே. கடன் முடியிற வரைக்கும், வருஷா வருஷம்."

"இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"சொல்லியிருந்தா நீங்க காரே வாங்கியிருக்க மாட்டீங்களே!"

என் மேல் என்ன ஒரு அக்கறை! குருக்கள் கற்பூரத்தோடு காத்திருந்தார். சொந்தக்காரர்கள் எல்லாம் என் முகத்தையே பார்த்தார்கள். கையெழுத்துப் போட்டேன். எலுமிச்சம்பழங்களோடு என்னையும் சேர்த்து நசுக்கிவிட்டு வண்டி நகர்ந்தது.

சில மாதம் கழித்து, பஸ்ஸுக்குக் காத்து நின்ற அந்த ஏஜெண்டை நானே ஏற்றிக்கொண்டேன்.

"ஊருக்கெல்லாம் கார் வாங்கிக் கொடுக்கிறீங்க. நீங்க ஒண்ணு வாங்கலையா?"

"ஐயோ, அந்த இன்சூரன்ஸ யாரு லா கட்டுறது?"

நெற்றியைத் துடைக்காமல் அவர் சொன்னது அது ஒன்றுதான்.